புறொக்சி பிளக்கின்களில் கோல்பேக்கைப் புறொமிசுக்கு மாற்றும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூற்றரி தன் மாணவர்களுக்குப் புள்ளிகளையும் பாடக்குறிப்புகளையும் இணையத்தில் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சேர்வர் நிற்கிறது. அதன் பின்னால் நோட்டில் (Node.js, ஜாவாஸ்கிரிப்ற்றைச் சேர்வரில் ஓட்டுவது) எழுதிய புறொக்சி, அதாவது கோரிக்கையை வாங்கிப் பின்னாலுள்ள தளத்துக்குக் கடத்தும் இடையாள். அதற்கும் பின்னால் யாரும் தொட விரும்பாத ஒரு பழைய பிஎச்பி தளம். புறொக்சிக்குள் நான்கு பிளக்கின்கள் இருக்கின்றன: ஒன்று ரோக்கனை (உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் குறியீடு) சிங்கப்பூரிலுள்ள அடையாளச் சேவையிடம் சரிபார்க்கும், ஒன்று றெடிஸ் என்ற வேகமான தரவுக் களஞ்சியத்தில் எண்ணிப் பார்த்து அளவுக்கு மீறிய கோரிக்கைகளை மறிக்கும், ஒன்று ஹெடர் (கோரிக்கையின் தலைப்பு விபரம்) சேர்க்கும், மற்றது பதிலைத் திருத்தும். எல்லாம் எக்ஸ்பிரஸ் என்ற நோட் சட்டகத்தின் பாணியில், நெக்ஸ்ற் என்ற கோல்பேக்கால், அதாவது வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் பங்ஷனால், கோக்கப்பட்டவை.

இவற்றைப் புறொமிசுக்கு, அதாவது பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கும் பொருளுக்கு, மாற்றினால் கோட் சுருங்கும், வாசிக்கவும் சுகம். பிழைகள் மட்டும் ஒழிவதில்லை, இடம் மாறிப் போய் இருக்கும். அநேகமானவை கோல்பேக்கும் புறொமிசும் தொடுகின்ற விளிம்பில்தான் கிடக்கும். ஆகவே அந்த விளிம்பை ஒரே இடத்தில் வைத்திருங்கள்: வெளிச் சேவையுடன் கதைக்கும் மிக அடியிலுள்ள பங்ஷனை ஒருமுறை புறொமிசாகச் சுற்றுங்கள், அதற்கு மேலே கோல்பேக் இல்லாமலே எழுதுங்கள். பாதி அது, பாதி இது என்று விட்ட இடங்களில்தான் கீழுள்ள அறிகுறிகள் வரும்.

தொடங்கமுன் மூன்று வேலை

நோட்டின் பதிப்பைப் பாருங்கள். 15, 16, 18 ஆகிய ஒவ்வொன்றிலும் இந்த விடயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. உங்கள் கணினியில் ஒரு பதிப்பும் சேர்வரில் வேறொரு பதிப்பும் இருந்தால், "இங்கே ஓடுது, அங்கே ஓடேல்லை" என்ற கதையின் பாதி அதுவாகவே இருக்கும்.

அடுத்து, உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, ஒவ்வொரு பிளக்கினும் தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த இலக்கத்துடன் ஒரு வரி லொக் எழுதுங்கள். தொடக்கம் இருந்து முடிவு இல்லாத வரிதான் நீங்கள் தேடும் இடம். இதைச் செய்யாமல் பிழை தேட வெளிக்கிட்டால் வீண் மினக்கேடு.

மூன்றாவது, கேர்ள் கட்டளையால் என்ஜின்எக்ஸைத் தாண்டி நோட்டின் போர்ட்டுக்கே நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே அறிகுறி என்றால் பிழை என்ஜின்எக்ஸில் இல்லை.

அறிகுறி: பிறவுசர் சுற்றிக்கொண்டே இருந்து, சரியாக 60 செக்கனில் 504 (பின்னாலிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை) வருகிறது

அந்த 60 செக்கன் என்ஜின்எக்ஸின் புறொக்சி றீட் ரைம்அவுட்டின் இயல்பு அளவு. அதன் எரர் லொக்கில் "அப்ஸ்ட்ரீம் ரைம்ட் அவுட்" என்று 110 இலக்கத்துடன் ஒரு வரி இருக்கும். புறொக்சி கோரிக்கையை வாங்கிவிட்டது, பதில் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். ரைம்அவுட்டை 120 ஆக்கினால் மாணவர் இரண்டு நிமிடம் காத்திருப்பார், வேறொன்றும் நடக்காது.

பழைய கோல்பேக் கோட்டில் இதற்கு முதற் காரணம் நெக்ஸ்றைக் கூப்பிட மறந்த ஒரு கிளை. ரோக்கன் வெறுமையாக இருந்தால் றிற்றேர்ன் என்று மட்டும் எழுதி, 401 (அனுமதி இல்லை) அனுப்பாமல் விட்டிருப்பார்கள். அசிங்க் பங்ஷனுக்கு (அது புறொமிசைத் திருப்பித்தரும், உள்ளே அவெயிற் என்று எழுதி விடைக்குக் காத்திருக்கலாம்) மாற்றி, பிளக்கின் முடிந்ததும் நெக்ஸ்றைக் கூப்பிடும் பொறுப்பை ஒரே ஒரு சுற்றுப் பங்ஷனுக்குக் கொடுத்தால் இந்த வகை மறதி போய்விடும். பிளக்கின் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டதா என்பதை ஹெடர்ஸ்சென்ற் என்ற பண்பில் பார்த்து, அனுப்பியிருந்தால் நெக்ஸ்றைக் கூப்பிடாமல் நிற்பதும் அதே சுற்றுப் பங்ஷனின் வேலை.

மாற்றிய பிறகும் தொங்குகிறது என்றால் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

எக்ஸ்பிரஸ் 4 அசிங்க் பங்ஷனில் வரும் பிழையைப் பிடிக்காது. பங்ஷன் திருப்பித்தரும் புறொமிசை அது பார்ப்பதே இல்லை. 2024இல் வந்த எக்ஸ்பிரஸ் 5 றிஜெக்ற் ஆன (பிழையில் முடிந்த) புறொமிசைத் தானாகவே பிழை கையாளும் பகுதிக்கு அனுப்பும். 4இல் இருப்பவர்கள் மேலே சொன்ன சுற்றுப் பங்ஷனில் கட்ச் போட்டு, பிழையை நெக்ஸ்றுக்குக் கொடுக்கவேண்டும்.

நியூ புறொமிஸ் என்பதற்குள் அசிங்க் பங்ஷனைக் கொடுத்திருக்கிறார்களா? அதற்குள் எழும் பிழை வெளிப் புறொமிசுக்குப் போய்ச் சேராது. வெளிப் புறொமிஸ் றிசோல்வும் (வெற்றியாக முடிதல்) ஆகாது, றிஜெக்றும் ஆகாது. நியூ புறொமிசுக்குள் சாதாரணப் பங்ஷன் மட்டுமே இருக்கலாம். உள்ளே அவெயிற் தேவைப்படுகிறது என்றால் நியூ புறொமிசே தேவையில்லை.

எச்ரிரிபி-புறொக்சி (http-proxy) லைபிரரியில் கோரிக்கையைக் கடத்தும் வெப் பங்ஷனைப் புறொமிசிபை (கோல்பேக் பங்ஷனைப் புறொமிசாக மாற்றும் நோட்டின் கருவி) செய்திருந்தால் அதுவும் தொங்கும். இது நன்றாக அனுபவப்பட்டவர்களையும் ஏய்க்கும். அந்தப் பங்ஷனுக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோல்பேக் பிழை வந்தால் மட்டுமே கூப்பிடப்படும். எல்லாம் நல்லபடி நடந்தால் அது கூப்பிடப்படுவதேயில்லை. ஆகவே புறொமிசிபை செய்த வடிவம் வெற்றியில் ஒருபோதும் முடியாது. மாணவருக்குப் பக்கம் போய்விடும், ஆனால் அவெயிறுக்கு அடுத்த வரி ஓடாது. லொக்கில் முடிவு வரி வராது. சரியான வழி கையால் சுற்றுவது: பிழைக் கோல்பேக்கில் றிஜெக்ற் செய்யுங்கள், வெற்றியை றெஸ் (பதில்) பொருளின் பினிஷ் நிகழ்வில் எடுங்கள், பினிஷ் வராமல் குளோஸ் வந்தால் அதையும் றிஜெக்ற் ஆக்குங்கள். ஸ்ட்ரீம் புறொமிசஸ் தொகுதியிலுள்ள பினிஷ்ட் பங்ஷன் கடைசி இரண்டையும் சேர்த்தே செய்துதரும்.

றெடிஸ் லைபிரரியைப் புதுப்பித்தபின் தொடங்கிய தொங்கலுக்குக் காரணம் வேறு. நோட்-றெடிஸ் 4ஆம் பதிப்பிலிருந்து கோல்பேக் இல்லை, புறொமிஸ் மட்டுந்தான். கெற் கட்டளைக்குப் பழைய பழக்கத்தில் கோல்பேக் கொடுத்தால் அது சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். கனெக்ற் என்பதையும் நீங்களே கூப்பிடவேண்டும். மொங்கோடிபி தரவுத்தளத்துக்கான மொங்கூஸ் 7 லைபிரரி இதைவிட நேர்மையானது: கோல்பேக் கொடுத்தால் ஏற்கமாட்டேன் என்று பிழை எறியும்.

அறிகுறி: "ஹெடர்கள் அனுப்பப்பட்ட பின் மாற்றமுடியாது" என்ற பிழை

கோல்பேக் கோட்டில் இதன் பொருள் பெரும்பாலும் ஒன்றே: நெக்ஸ்ற் இரண்டு தரம் கூப்பிடப்பட்டிருக்கிறது. எங்கே என்று தேடும்போது ட்ரை-கட்ச் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். ட்ரைக்குள் வெற்றியாக நெக்ஸ்றைக் கூப்பிட்டிருப்பார்கள், கட்ச்சுக்குள் பிழையுடன் நெக்ஸ்றைக் கூப்பிட்டிருப்பார்கள். நெக்ஸ்ற் என்பது அடுத்த பிளக்கின்களை அங்கேயே ஓட்டுவது. கோர்வையைக் கையால் எழுதியிருந்தால் (எக்ஸ்பிரஸ் என்றால் தானே பிடித்துவிடும்), அவற்றில் ஒன்று பிழை எறிந்தால் அது உங்கள் கட்ச்சுக்குத்தான் திரும்பி வரும். உடனே இரண்டாவது கூப்பிடல். பிழை செய்தது வேறு பிளக்கின், லொக்கில் பெயர் விழுவது உங்களுடையது.

புறொமிசுக்கு அரைகுறையாக மாற்றிய கோட்டிலும் இதே வடிவம் வரும்: தென் என்பதில் நெக்ஸ்ற், அதற்குப் பின்னால் கட்ச் என்பதிலும் நெக்ஸ்ற். கட்ச்சைத் தனியாகக் கோக்காமல், தென்னுக்கே இரண்டு பங்ஷன்களைக் கொடுங்கள். முதலாவதற்குள் நெக்ஸ்றை வெறுமையாகக் கூப்பிடுங்கள். வெறுமையாக என்பது முக்கியம். தென்னுக்கு நெக்ஸ்றை நேரடியாகக் கொடுத்துவிட்டால் புறொமிசின் விடை, அதாவது பயனர் பொருள், நெக்ஸ்றின் முதல் இடத்தில் போய் விழும். எக்ஸ்பிரஸ் அதைப் பிழை என்று எடுத்து 500 கொடுக்கும். சரியான ரோக்கன் உள்ளவருக்கு 500, ரோக்கன் இல்லாதவருக்கு ஒழுங்காக 401 என்று தலைகீழாக நடந்தால் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

இன்னொரு காரணம் புறொக்சிறெக் நிகழ்வு. எச்ரிரிபி-புறொக்சி பின்னாலுள்ள சேர்வருக்குக் கோரிக்கையை அனுப்பமுன் இந்த நிகழ்வை எழுப்பும். ஹெடர் சேர்க்க நல்ல இடம். அதற்கு அசிங்க் பங்ஷன் கொடுத்து, உள்ளே றெடிஸை அவெயிற் செய்து, பிறகு ஹெடர் வைத்தால் பிழைதான். நிகழ்வு எழுப்புபவர் கேட்பவரின் புறொமிசுக்காகக் காத்திருப்பதில்லை. நீங்கள் விடையோடு வரும்போது கோரிக்கை புறப்பட்டுவிட்டிருக்கும். உங்கள் கணினியில் றெடிஸ் பக்கத்திலேயே இருப்பதால் சிலவேளை தப்பிவிடும், சேர்வரில் தப்பாது. காத்திருக்கவேண்டிய எல்லாவற்றையும் வெப் பங்ஷனைக் கூப்பிடமுன்பே முடித்து, விடையை றெக் (கோரிக்கை) பொருளில் வைத்துவிடுங்கள். புறொக்சிறெக்கில் அதை எடுத்து ஹெடரில் எழுதுவது மட்டும் நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. புறொமிஸ் ஒருமுறைதான் முடியும். இரண்டாவது றிசோல்வ் எந்தச் சத்தமுமில்லாமல் போய்விடும். ஆகவே மாற்றியவுடன் இந்தப் பிழை மறைந்தால் காரணமும் போய்விட்டது என்று நம்பவேண்டாம். அடியிலுள்ள பங்ஷன் இன்னும் இரண்டு தரம் கோல்பேக் செய்துகொண்டிருக்கலாம். சுற்றும் இடத்தில், இரண்டாம் தரம் வந்தால் லொக்கில் எழுதும்படி ஒரு வரி வையுங்கள்.

அறிகுறி: முழுப் புறொக்சியும் விழுந்து எழும்புகிறது

2020 ஒக்ரோபரில் வந்த நோட் 15இலிருந்து, யாரும் பிடிக்காத றிஜெக்ற் ஒன்று வந்தால் புறொசெஸ் 1 என்ற குறியீட்டுடன் நின்றுவிடும். அதற்கு முந்திய பதிப்புகளில் எச்சரிக்கை மட்டுமே. ஒரு மாணவரின் ரோக்கனில் வந்த பிழை அந்த நேரம் உள்ளே இருந்த அத்தனை பேரையும் வெளியே தள்ளும்.

சிலர் அன்ஹான்டில்ட்றிஜெக்ஷன் நிகழ்வைப் பிடித்து லொக் மட்டும் எழுதிவிட்டு விடுவார்கள். விழுவது நிற்கும், பிழைபட்ட கோரிக்கை அந்தரத்தில் கிடந்து முதல் அறிகுறியாக, 504 ஆகத் திரும்பி வரும். நோயை மாற்றாமல் காய்ச்சலை மட்டும் இறக்கும் வேலை அது.

தேடவேண்டியது முன்னால் அவெயிறோ றிற்றேர்னோ இல்லாமல் கூப்பிடப்பட்ட அசிங்க் பங்ஷன்களை. கண்ணால் தேடத் தேவையில்லை: ரைப்ஸ்கிரிப்ற் பாவிப்பவர்கள் கோட்டைச் சோதிக்கும் இஎஸ்லின்றில் நோ-புளோற்றிங்-புறொமிசஸ், நோ-மிஸ்யூஸ்ட்-புறொமிசஸ் என்ற இரண்டு விதிகளையும் போட்டால் வரி இலக்கத்தோடு காட்டித்தரும். எங்கள் எண்ணத்தில், இந்த மாற்றத்தைத் தொடங்கமுன் இந்த இரண்டையும் போடாத குழு இருட்டில் வேலை செய்கிறது.

அந்த விதிகளுக்கும் சிக்காத ஒன்று உண்டு. நேரம் மிச்சம்பிடிக்க ரோக்கன் சரிபார்ப்பையும் றெடிஸ் எண்ணிக்கையையும் ஒரே நேரத்தில் தொடக்கி, இரண்டு புறொமிசையும் இரண்டு மாறிகளில் வைத்துவிட்டு, முதலாவதை அவெயிற் செய்கிறீர்கள். முதலாவது இன்னும் வராத நேரத்தில் இரண்டாவது றிஜெக்ற் ஆகிறது. அதை அந்த நேரத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, ஆகவே புறொசெஸ் விழும். இரண்டு வரி தள்ளி அதற்கு அவெயிறும் கட்ச்சும் இருந்தும் பயனில்லை. தொடக்கும் வரியிலேயே புறொமிஸ்.ஓல் என்பதற்குள் இரண்டையும் போடுங்கள். றெடிஸ் விழுந்தாலும் மாணவரை உள்ளே விடவேண்டும் என்றால் ஓல்செற்றில்ட் பாவித்து, எது தவறியது என்று நீங்களே பார்த்து முடிவெடுக்கலாம்.

எச்ரிரிபி-புறொக்சிக்கு எரர் நிகழ்வைக் கேட்க யாரும் இல்லாமல், வெப் பங்ஷனுக்கும் கோல்பேக் கொடுக்காமல் விட்டாலும் இதே கதிதான். பிஎச்பி சேர்வர் ஒருக்கால் நின்றால் புறொக்சியும் கூட விழும்.

அறிகுறி: போஸ்ற் கோரிக்கை மட்டும் தொங்குகிறது, கெற் சரியாக ஓடுகிறது

உடலை யாரோ முன்னமே வாசித்துவிட்டார்கள். ஜேசன் பார்சர் பிளக்கின் ஒன்று முன்னால் நின்றால் றெக் ஸ்ட்ரீம் முடிந்துவிட்டிருக்கும். புறொக்சி பின்னாலுள்ள சேர்வருக்கு ஹெடரை மட்டும் அனுப்பும், அந்தச் சேர்வர் ஹெடரில் சொன்ன நீளத்துக்கு உடல் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். புறொமிசுக்கு இதில் பங்கில்லை. மாற்றம் செய்யும் நாளில்தான் பிளக்கின்களின் வரிசையும் மாறுவதால் பழி அதன்மேல் விழுகிறது.

பார்சரைப் புறொக்சிக்குப் பின்னால் தள்ளுவதே முதல் தெரிவு. முடியாவிட்டால் வாசித்த உடலை மீண்டும் ஒரு ஸ்ட்ரீம் ஆக்கி வெப் பங்ஷனின் பபர் என்ற தெரிவில் கொடுங்கள். கொன்ரென்ற்-லெங்க்த் ஹெடரையும் திரும்பக் கணக்கிடவேண்டும். எழுத்துக்களை எண்ணாமல் பைற்றுகளை எண்ணுங்கள். யூரிஎப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைற். "கு" என்பது ககரமும் உகரக் குறியுமாகச் சேர்ந்து 6. ஆங்கிலப் பெயர் கொடுத்துச் சோதித்தால் எல்லாம் சரிவரும். மாணவர் தன் பெயரைத் தமிழில் எழுதிய அன்றுதான் உடல் பாதியில் வெட்டுப்படும். எச்ரிரிபி-புறொக்சி-மிடில்வெயார் பாவிப்பவர்களுக்கு பிக்ஸ்றிக்குவெஸ்ற்பொடி என்ற பங்ஷன் இந்த வேலையைச் செய்துதரும்.

அறிகுறி: பிளக்கின்கள் வரிசை தவறி ஓடுகின்றன

பிளக்கின் பட்டியலை போர்ஈச் கொண்டு சுற்றி, உள்ளே அசிங்க் பங்ஷன் கொடுத்திருப்பார்கள். போர்ஈச் காத்திருக்காது. போர்-ஒவ் சுற்றுக்கு மாற்றி உள்ளே அவெயிற் வையுங்கள். அவ்வளவுதான்.

எக்ஸ்பிரஸுக்குப் பதிலாகப் பாஸ்ற்றிபை சட்டகம் பாவிப்பவர்கள் கவனிக்க: அசிங்க் ஹூக்கில் டன் என்ற கோல்பேக்கையும் எழுதினால் புதிய பதிப்புகள் தொடக்கத்திலேயே பிழை எறிந்து நிறுத்திவிடும், அது நல்லது. ஆனால் ஹூக்குக்குள்ளேயே பதில் அனுப்பினால் றிப்பிளை பொருளை றிற்றேர்ன் செய்யவேண்டும்.

அறிகுறி: ஒருவருக்கு மற்றவரின் புள்ளிகள் தெரிகின்றன

உடனே சேவையை நிறுத்திவிட்டுத் தேடவேண்டிய ஒரே அறிகுறி இதுதான். பிளக்கின் பைலின் மேற்புறத்தில் "இப்போதைய பயனர்" போன்ற ஒரு பொது மாறி இருக்கும். ஒரு கோரிக்கை அதில் எழுதிவிட்டு அவெயிறில் நிற்கும்; அந்த இடைவெளியில் அடுத்த கோரிக்கை அதே மாறியில் எழுதும்; முதலாவது எழும்பி வந்து வாசிக்கும்போது இரண்டாமவரின் பெயர் இருக்கும். தனியே இருந்து சோதிக்கும்போது தெரியவே தெரியாது. உயர்தரப் பெறுபேறு வரும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது தெரியும்.

கோரிக்கைக்குரிய எதையும் றெக் பொருளிலேயே வைத்திருங்கள். றெக் கைக்கெட்டாத ஆழத்தில் தேவைப்பட்டால் கோரிக்கைக்குக் கோரிக்கை தனித்தனியாகச் சேமிக்கும் அசிங்லோக்கல்ஸ்ரோரேஜ் இருக்கிறது, நோட் 16.4இலிருந்து நிலையானது. பழைய பாணித் தரவுத்தள லைபிரரிகள் சில தங்கள் இணைப்புகளைப் பொதுவாக வைத்துக் கோல்பேக்கைக் கூப்பிடுவதால் அதற்குள் சூழல் தவறிப்போகும். அந்தக் கோல்பேக்கை அசிங்றிசோர்ஸின் பைன்ட் கொண்டு கட்டிவிட்டால் சரிவரும்.

இதே போன்ற கலப்பு இன்னொரு வழியாலும் வரும். கோரிக்கை கையாளும் பங்ஷனுக்குள்ளேயே புறொக்சிறெஸ் நிகழ்வுக்குக் கேட்பவரைச் சேர்த்திருந்தால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கேட்பவர் கூடிக்கொண்டே போவார். ஒருவரின் பதிலுக்கு எல்லோருடைய கேட்பவர்களும் ஓடுவார்கள். 11ஆவது சேரும்போது மக்ஸ்லிசினர்ஸ் எச்சரிக்கை லொக்கில் விழும். எச்சரிக்கையை அடக்க எல்லையை உயர்த்துபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், கேட்பவரைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் சேருங்கள்.

அறிகுறி: நேரம் போகப்போக ஆறுதலாகிறது, மெமரி ஏறுகிறது

தொலைபேசியில் பார்க்கும் மாணவர் சிக்னல் விட்டுப்போய் மீண்டும் மீண்டும் றிபிறெஷ் அடிக்கிறார். தீவுப்பக்கம் போகும் பஸ்ஸில் இருந்தால் சொல்லவேண்டாம். ஒவ்வொரு தரமும் பழைய கோரிக்கை கைவிடப்படுகிறது, என்ஜின்எக்ஸ் லொக்கில் 499 என்று விழும். உங்கள் புறொக்சி மட்டும் சிங்கப்பூரில் கேட்ட கேள்விக்கு இன்னும் காத்திருக்கிறது.

புறொமிஸ்.றேஸ் போட்டு ரைமரோடு ஓடவிடுவது போதாது. தோற்ற புறொமிஸ் நிற்பதில்லை, கவனிக்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த அபோர்ட்சிக்னல் வேண்டும். வெளிச் சேவையிடம் கேட்கும் பெட்ச் (fetch) பங்ஷன் நோட் 18இலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதற்கு அபோர்ட்சிக்னலின் ரைம்அவுட்டை, 3000 மில்லிசெக்கன் என்று வைத்து, சிக்னலாகக் கொடுங்கள். மாணவர் போய்விட்டார் என்பதை இன்னொரு அபோர்ட்கொன்ரோலரால் தெரிவியுங்கள். இரண்டையும் சேர்க்க நோட் 20.3இலிருந்து அபோர்ட்சிக்னலின் எனி இருக்கிறது. நேரம் முடிந்தால் ரைம்அவுட்எரர், ஆள் போனால் அபோர்ட்எரர் என்று பெயர் வேறாக வரும். முன்னதற்கு 504 கொடுங்கள், பின்னதற்குப் பதில் அனுப்ப எத்தனிக்கவேண்டாம்.

ஆள் போனதை றெக்கின் குளோஸ் நிகழ்வில் பிடிப்பது பழைய பழக்கம். நோட் 16இலிருந்து அந்த நிகழ்வு கோரிக்கை வாசித்து முடிந்ததுமே வரும். புதுப்பித்த அன்று எல்லாக் கோரிக்கையும் தானாக நின்றுபோனால் காரணம் இது. றெஸ்ஸின் குளோஸில் கேளுங்கள். அங்கே றைற்றபிள்பினிஷ்ட் பொய் என்றால் மட்டும் அபோர்ட் செய்யுங்கள். பெட்சில் நிலைக் குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு உடலை வாசிக்காமல் விடுவதும் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். வாசியுங்கள் அல்லது கான்சல் செய்யுங்கள்.

அறிகுறி: புறொமிசிபை செய்த உடனே "அன்டிபைன்டின் பண்பை வாசிக்கமுடியாது"

பங்ஷன் தன் பொருளிலிருந்து பிரிந்துவிட்டது. பைன்ட் செய்து கொடுங்கள். பிழை முதலிடத்தில் வராத கோல்பேக் என்றால் புறொமிசிபை பொருந்தாது, கையால் சுற்றுங்கள்.

அறிகுறி: எப்போதாவது, ஒழுங்கில்லாமல் 502 (பின்னாலிருந்து செல்லுபடியான பதில் இல்லை)

இதற்கும் பழி புறொமிசுக்குத்தான் போகும். என்ஜின்எக்ஸில் அப்ஸ்ட்ரீம் கீப்அலைவ் (நோட்டுக்கான இணைப்பை மூடாமல் மறுபடி பாவிப்பது) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சும்மா நிற்கும் இணைப்பை நோட் நீண்டகாலமாக 5 செக்கனில் மூடுவது வழக்கம். என்ஜின்எக்ஸ் 60 செக்கன் வைத்திருக்கும். மூடப்படும் இணைப்பில் கோரிக்கையை அனுப்பினால் 502. நோட்டின் கீப்அலைவ்ரைம்அவுட்டை 65000 மில்லிசெக்கன் ஆக்குங்கள், பிளக்கினைத் தொடவேண்டாம்.